அய்யாவு போட்ட இருபது முறுக்கு

1923 ஜனவரி 14. தூண்டில் நூல், ஓர் உருண்டை. 35 காசு.
1923 ஜனவரி 28. தூண்டில் முள், ஐந்து. 20 காசு.
1924 மே 18. தாலி, அரைப் பவுன், செய்கூலி சேர்த்து. 6 வெள்ளி 50 காசு.
1924 மே 18. மஞ்சள் கயிறு. 2 காசு.
1924 ஆகஸ்ட் 2. மண்ணெண்ணெய், அரைப் போத்தல். 4 காசு.
1931 ஜனவரி 20. கப்பல் சீட்டு, இரண்டு. இனாம்.

அய்யாவு என்ற மனிதரின் வாழ்க்கை, மலாயாப் பணமான வெள்ளியிலும் காசிலும் நான் எழுதிவைத்த இந்த ஆறு வரியில் அடங்கிவிடும். அவரிடமே கேட்டிருந்தால் அறுநூறு பக்கம் போதாது என்றிருப்பார். அதில் ஐந்நூறு பக்கம் முடிச்சுகளைப் பற்றியதாக இருந்திருக்கும். மீதி நூறு, அவருடைய முடிச்சைப் புரிந்துகொள்ளாத மீன்களைப் பற்றியதாக.

சிகாமட்டில் நான் கிராணியாக இருந்து கணக்கெழுதிய ரப்பர் தோட்டத்தில் அவர் புகைக்கூடத்து ஆள். ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாலைந்து நாள் புகை காட்டவேண்டும். தீ கூடினால் ஷீட்டு உருகிவிடும், குறைந்தால் பூஞ்சணம் பூத்துவிடும். நிதானமான ஆள் வேண்டும் என்று தேடிய துரை, எந்நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்த அய்யாவுவைப் பார்த்து இவரே அந்த ஆள் என்று முடிவு செய்தார். அய்யாவு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார் என்பது துரைக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் மூவார் ஆற்றங்கரையில் இருப்பார். அந்த ஆற்றின் ஆழத்தில் ஒரு மீன் உண்டு. நம் ஊர் வாளைக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். ஆள் உயரம் வளரும். வாய் நிறையப் பல். மலாய்க்காரர்கள் அதைத் தாப்பா என்பார்கள். அய்யாவு தம் வாழ்வை அந்த மீனுக்கு அர்ப்பணித்திருந்தார். மீன் தன் பங்குக்கு எதையும் அர்ப்பணிக்கவில்லை.

1923 பிப்ரவரியில் ஒரு தாப்பா அவருடைய தூண்டிலைக் கவ்வி, கால் மணி நேரம் இழுத்துவிட்டு, முள்ளோடு போய்விட்டது. நூல் முடிச்சில் அறுந்திருந்தது. மற்றவர்களாக இருந்தால் ஒரு வாரம் புலம்பிவிட்டுக் கெளுத்தி பிடிக்கப் போயிருப்பார்கள். அய்யாவு அறுந்த நுனியைப் பாக்குப் பொட்டலம் போல மடித்து எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார்.

விஷயம் இதுதான். எந்த நூலும் முள்ளைக் கட்டும் இடத்தில்தான் அறும். ஆகவே நுனியில் ஒரு முழ நீளத்துக்கு நூலை மடக்கி இரட்டையாக்கி, அந்த இரட்டையில் முள்ளைக் கட்டுவார்கள். ஆனால் இரட்டையாக்குவதற்கும் ஒரு முடிச்சு வேண்டும். அந்த முடிச்சு நோஞ்சானாக இருந்தால் இரட்டித்தும் பயனில்லை; நூல் அங்கே அறும். எனவே எந்த முடிச்சைப் போட்டு இரட்டிப்பது என்பதே கேள்வி. மனித குலத்தை எதிர்நோக்கியிருக்கும் கேள்விகளில் இதுவே தலையாயது என்று அய்யாவு நினைத்தார்.

ரப்பர் எடை போடும் கொட்டகையில் சோதனை நடந்தது. உத்திரத்தில் நூலைக் கட்டி, கீழே கொக்கியில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக மாட்டினோம். முடிச்சே இல்லாத நூல் இருபது காத்தி, அதாவது சுமார் பன்னிரண்டு கிலோ, தாங்கியது. சும்மா மடக்கிப் போட்ட முடிச்சு பன்னிரண்டு காத்தியில் அறுந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டது பதினாறு வரை போயிற்று. மூன்றாவதாக அய்யாவு ஒன்று போட்டார். அதைப் போடுவதற்கு ஓர் ஆசனமே உண்டு. நூலை மடக்கிக் கண்ணியாக்கி, அதற்குள் கையை விட்டு இருபது முறை முறுக்கவேண்டும். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணியின் அடியை இரண்டு முழங்கால்களிலும் மாட்டிக்கொண்டு, முழங்கால்களை மெல்ல அகட்டவேண்டும். முறுக்கு இறுகும். அப்போது நூலின் நுனியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால், அது தானாகவே முறுக்கின்மேல் சுருள் சுருளாகப் படிந்துகொண்டே இறங்கும். அடியில் இரண்டு பூட்டு. பார்ப்பதற்கு ஓர் ஆள் தனக்குத்தானே விலங்கு பூட்டிக்கொள்வது போல இருக்கும். இருபது காத்தியில் நூல் அறுந்தது. முடிச்சில் அல்ல, மேலே, ஒற்றை நூலில்.

இதைத் தாமே கண்டுபிடித்ததாக அய்யாவு சொன்னார். அதே முடிச்சு, படகுக்காரர் பாக் டோலாவின் படகில் தொங்கிய ஒவ்வொரு தூண்டிலிலும் அவர் அப்பா காலத்திலிருந்தே இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, பாக் டோலா அதற்குமேல் ரப்பர்ப் பால் விடுவதில்லையே என்று பதில் வந்தது. உண்மைதான். முடிச்சின்மேல் ஒரு சொட்டுப் பால் விட்டு, ஷீட்டுகளோடு சேர்த்து நூலையும் புகையில் தொங்கவிடுவது அய்யாவுவின் சொந்தச் சரக்கு. துரையின் விறகில் தயாரான தூண்டில் நூல் ஜொகூர் மாநிலத்திலேயே அது ஒன்றுதான். அன்றுமுதல் தோட்டத்தில் யார் எதைக் கட்டினாலும், அய்யாவு பக்கத்தில் போய் நின்று, “அய்யாவு கட்டினது அவுராது” என்று சொல்லிவிட்டு வருவார். ஆட்டைக் கட்டியவர்கள்கூட அவரைக் கண்டால் வேறு மரத்தைத் தேடிப் போனார்கள்.

அடுத்த வருஷம் அவருக்குப் பெண் பார்த்தார்கள். மூவார் பட்டணத்தில் இடியாப்பம் விற்ற பேச்சியம்மாளின் மகள் அங்கம்மா. பேச்சியம்மாள் கணவரை இழந்தவர், அளந்து பேசுபவர், மாவையும் அப்படியே அளப்பார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வார் என்று கேட்டார். குடியா, சூதா என்று தெரிந்துகொள்ளப் பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கும் கேள்வி அது.

“தாப்பா புடிக்கப் போவேன் அத்தை,” என்றார் அய்யாவு.

பேச்சியம்மாளின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. “தப்பாவா? எதத் தப்பாப் புடிப்பீங்க?”

“எல்லாரும் தப்பாத்தான் புடிக்கிறாங்க. நான் ஒருத்தன்தான் சரியாப் புடிக்கிறேன்.”

“இதுவரைக்கும் எத்தன புடிச்சிருக்கீங்க?”

“இன்னும் ஒண்ணும் புடிக்கல.”

பேச்சியம்மாள், பொய் சொல்லத் தெரியாத பையன் என்று முடிவு செய்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அவர் செய்த கணக்குப் பிழைகளில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அய்யாவுவுக்குப் பொய் சொல்லத் தெரியும். அன்றைக்கு அதற்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் 1924 மே 25, ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில். ஒரு வாரம் முன்பே தாலியும் இரண்டு காசு மஞ்சள் கயிறும் வாங்கி அய்யாவுவின் கையில் கொடுத்திருந்தார்கள். அந்தக் கயிற்றை அவரிடம் தனியாக விட்டதுதான் பிசகு. எடைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நாலு காத்தியில் அறுந்துவிட்டது. நாலு காத்திகூடத் தாங்காத ஒன்றை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவது என்று என்னிடம் வந்து கவலையோடு கேட்டார். அங்கம்மா தாலிக்கயிற்றில் தொங்கப்போவதில்லை, அது அங்கம்மாவின் கழுத்தில் தொங்கப்போகிறது என்று சொன்னேன். இரண்டும் ஒன்றுதான் என்றார்.

ஆகவே அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறியது தூண்டில் நூல். நாலு மாதம் புகை குடித்த நூலை மூன்று புரியாக முறுக்கி, மஞ்சளில் ஊறவைத்து, இரண்டு முனைகளையும் இருபது முறுக்குப் போட்டு இரட்டித்துக் கண்ணியாக்கி வைத்திருந்தார். மணவறையில் ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து மடக்கி, அதன்மேல் மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவது வழக்கம். அய்யாவுவுக்கு இந்த நாட்டில் சகோதரி இல்லை. இருந்தாலும் அவளை நம்பிக் கொடுத்திருக்கமாட்டார். மூன்றையும் அவரே போட்டு, ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டு இழுத்து இறுக்கினார். மேளக்காரர் கெட்டிமேளத்தை மூன்று முறை நிறுத்தி மூன்று முறை தொடங்கினார். கடைசியில் கை வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை, அங்கம்மா தலைக்குக் குளிக்கப் போகும் முன், அந்த முடிச்சுகளின்மேல் அய்யாவு ஒரு சொட்டு ரப்பர்ப் பாலும் விட்டார்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் கல்யாண வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, அங்கம்மா கழுத்தைத் தொட்டுக்காட்டி, “புகைக்கூடத்தத் தூக்கிக் கழுத்துல மாட்டிவிட்டிருக்காரு,” என்றாளாம்.

மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோக்கவேண்டும். கல்யாணத்தன்று கட்டிய கயிற்றை அவிழ்த்து, தாலியைப் புதுக் கயிற்றில் பவளமும் குண்டுமணியும் சேர்த்துக் கோத்துக் கட்டும் சடங்கு அது. ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் செய்வதாக ஏற்பாடு. பேச்சியம்மாள் புதுக் கயிறு, பவளம், சித்திரான்னம் எல்லாவற்றோடும் மூவாரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் கொண்டுவராதது பொறுமை ஒன்றுதான்.

அன்று சனிக்கிழமை. அய்யாவு என்னுடைய பூதக்கண்ணாடியைக் கேட்டு ஆள் அனுப்பியபோதே எனக்கு விஷயம் ஓரளவு புரிந்துவிட்டது. கண்ணாடியை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஆற்றங்கரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவில் அங்கம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பிடரிக்குப் பின்னால் பேச்சியம்மாள், ஊசியோடு.

ஊசி வளைந்தது. அடுத்த ஊசி முறிந்தது. பேச்சியம்மாள் நிமிர்ந்தார்.

“மாப்ள, கட்டினது நீங்க. நீங்களே வந்து அவுத்துக் குடுங்க.”

அய்யாவு வந்து உட்கார்ந்தார். முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் தெரிந்தது பெருமை. பிறகுதான் மெல்ல மெல்ல இன்னொன்று வந்தது. ஒன்றரை வருஷமாக முடிச்சுப் போட்ட அந்த மனிதர், ஒரு முடிச்சைக்கூட அவிழ்த்ததில்லை. போடுவதில் மேதை, அவிழ்ப்பதில் எல்.கே.ஜி. கூடக் கிடையாது என்று என் பேரன் சொல்லியிருப்பான்.

“என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க? ஆத்துல மீனுக்கு எப்படி அவுப்பீங்களோ அப்படி அவுங்க,” என்றார் பேச்சியம்மாள்.

“நான் எங்க அவுத்தேன்? வேணாம்னா அறுத்துட்டுப் புதுசா வேற கட்டிக்குவேன்.”

அந்த ஆற்றங்கரையில், ஆடிப் பதினெட்டு அன்று, தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, மாமியார் முன்னால் சொன்ன வாக்கியம் இது. அவர் சொன்னது தூண்டில் நூலை. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவி மண்ணில் துப்பினாள்.

“வாயக் கழுவிட்டு வாங்க மாப்ள,” என்றார் பேச்சியம்மாள். அய்யாவு உண்மையிலேயே ஆற்றில் இறங்கி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

யாரோ பாக் டோலாவைக் கூட்டிவந்தார்கள். கிழவர் தூரத்திலிருந்தே பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த முடிச்சுக்கு மருந்து கத்திதான் என்று மலாயில் சொன்னார். மூவார் சந்தையில் இருபது வருஷம் வியாபாரம் செய்த பேச்சியம்மாளுக்கு மலாய் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. பாக் டோலா வந்ததைவிட வேகமாகப் படகுக்குத் திரும்பினார்.

பிறகு மண்ணெண்ணெய் யோசனை வந்தது. ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறினால் இளகும். புகைக்கூடத்து ஆளுக்கு அதாவது தெரிந்திருந்தது. கடையில் அரைப் போத்தல் வாங்கிவந்து துணியில் நனைத்து வைத்தார்கள். பால் இளகிப் பிசினாக உரிந்து வந்தது. உள்ளே முடிச்சு முன்னைவிட ஊதி, கண்ணைப் போல் மூடிக்கொண்டிருந்தது. அங்கம்மாவின் பிடரி எரிந்து சிவந்தது. கொண்டுவந்த சித்திரான்னத்தில்கூட மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

பேச்சியம்மாள் புதுக் கயிற்றை மடித்து மடியில் வைத்தார்.

“பிரிச்சுக் கோக்காத தாலி எங்க வம்சத்துல தாலியே இல்ல. கத்தி வெக்கவும் கூடாது. நான் பொண்ணக் கூட்டிக்கிட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன். நீங்க அவுக்கக் கத்துக்கிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள.”

அது மிரட்டல் அல்ல என்பது அய்யாவுவுக்குத் தெரிந்தது. தாப்பா நூலை அறுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. மறுபடி முடிச்சின்மேல் குனிந்தார். கெளுத்தி முள்ளால் குத்தினார். முள் வழுக்கி அங்கம்மாவின் கழுத்தில் பட்டது. அவள் அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். மூன்று மணி நேரம் குனிந்திருந்தவள் முதலில் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ஆத்தா, கல்யாணத்துல எல்லாரும் என்ன சொல்லி வாழ்த்துனாங்க?”

“என்ன சொன்னாங்க?”

“பிரியாம இருக்கணும்னு. நீயுந்தான் சொன்ன. அரிசிய அள்ளிப் போட்டு அழுதுக்கிட்டே சொன்ன. இப்ப பிரிக்க முடியலைன்னு அழுவுற. எதாச்சும் ஒண்ணு சொல்லு.”

பேச்சியம்மாள் மடியில் இருந்த புதுக் கயிற்றை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

“அவுக்கவும் வேணாம், மத்ததும் வேணாம். இது இப்படியே கெடக்கட்டும். புதுசையும் பக்கத்துல கட்டிவிடு,” என்றாள் அங்கம்மா. பிறகு கணவரைப் பார்த்தாள். “இந்த மனுசன் ஒழுங்காச் செஞ்சது இது ஒண்ணுதான். அதையும் ஏன் கெடுக்கணும்?”

பவளமும் குண்டுமணியும் கோத்த புதுக் கயிறு பழையதன் பக்கத்திலேயே ஏறியது. பேச்சியம்மாள் தம் கையாலேயே, எல்லாரும் போடுவது போல ஒரு முடிச்சுப் போட்டார். தாலிக்கயிறே இரட்டையாகிவிட்டது என்று அய்யாவு என் காதில் சொன்னார். அது தம்முடைய ஏற்பாடு என்பது போல. புதுக் கயிறு பத்தாம் நாள் தானாக அவிழ்ந்து கிணற்றடியில் விழுந்தது. அன்றைக்கு அய்யாவு அடைந்த சந்தோஷத்தைத் தோட்டத்தில் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தோல்வியை அவர் வெற்றியாக மாற்றிச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. பன்னிரண்டு பெண்கள், ஒரு மலாய்க்காரர், அரைப் போத்தல் மண்ணெண்ணெய், எல்லாரும் சேர்ந்தும் முடியவில்லை என்பார். முயன்று தோற்றவர்களில் அவரும் ஒருவர் என்பது அந்தக் கதையில் வராது.

1926 வெள்ளத்தில் அவர்கள் வீட்டுச் சட்டி பானையெல்லாம் ஆற்றோடு போயின. கயிறு நனைந்து இன்னும் கொஞ்சம் இறுகியதாக அய்யாவு வந்து தகவல் சொன்னார். 1927இல் இன்னொரு தாப்பா மாட்டியது. இந்தத் தடவை முடிச்சில் அறவில்லை. முடிச்சுக்கு மேலே ஒற்றை நூலில் அறுந்து, முள், கண்ணி, இருபது முறுக்கு எல்லாம் மீனோடு போயின. ஆற்றுக்கடியில் அந்த முடிச்சு அவிழாமல் இருக்கும் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். சிகாமட்டில் இருந்த காலம் முழுவதும் அவர் ஒரு தாப்பாவையும் கரையேற்றவில்லை. அங்கம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிறு மாலைகளில் அவர் வெறுங்கையோடு வரும்போது கயிற்றை வெளியே எடுத்து விட்டுக்கொள்வாளாம், அவருக்குப் பிடித்தது ஒன்றாவது கண்ணில் படட்டும் என்று.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. புகைக்கூடம் வாரத்தில் இரண்டு நாள் புகைந்தது. பிறகு அதுவும் இல்லை. வேலை இல்லாதவர்களைச் சர்க்கார் தன் செலவில் இந்தியாவுக்கு அனுப்பியது. பல ஆண்டு உழைப்புக்கு ஒரு கப்பல் சீட்டு இனாம். ரயிலடியில் அய்யாவு தம் தகரப் பெட்டியைச் சுற்றிய கயிற்றுக்கு இருபது முறுக்குப் போட்டிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்ன பினாங்கு அதிகாரி, கடைசியில் கத்தியை எடுக்கவேண்டியதாயிற்று என்று அய்யாவு அந்த ஜூன் மாதம் வந்த முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். உள்ளே இருந்ததைப் பற்றி அதிகாரி என்ன சொன்னார் என்று எழுதவில்லை. முடிச்சைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதியிருந்தார்.

இரண்டாவது கடிதம் 1933இல். ஊர்க் குளத்தில் விரல் நீளக் கெண்டைதான் இருக்கிறது. ஒற்றை நூலே அதிகம். ஆனாலும் இரட்டித்துத்தான் போடுகிறேன் என்றிருந்தது. சிகாமட்டு நூல் இரண்டு உருண்டை அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். அனுப்பினேன்.

மூன்றாவது கடிதம் அங்கம்மா சொல்ல யாரோ எழுதியது. மார்கழியில் காய்ச்சல் கண்டு ஆறாம் நாள் அய்யாவு போய்விட்டார். பதினாறாம் நாள் வழக்கப்படி உறவுப் பெண்கள் கூடித் தாலியைக் கழற்ற வந்திருக்கிறார்கள். ஒருத்தி நகத்தால் முயன்றாள். ஒருத்தி கோணி ஊசியால். மூன்றாமவள் பல்லால் கடித்து இழுத்துப் பல்லை இழந்தாள். மண்ணெண்ணெய் கொண்டுவரப் போனவளை, அது முன்பே பார்த்தாயிற்று என்று அங்கம்மாதான் நிறுத்தியிருக்கிறாள். கடைசியில் அரிவாள்மனை வந்தது. எழுதியவர் அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதியிருந்தார்:

“அவுக்க முடிஞ்சா அவுத்து எடுத்துக்கிடுங்க. அறுக்குற பேச்சு வேணாம். இது அவரு போட்டது.”

யாராலும் முடியவில்லை. இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அங்கம்மாவோடு பேசுவதில்லை. புகை வாடை மட்டும் போய்விட்டது. கிராணி ஐயா இதையும் குறித்துக்கொள்ளவும் என்று முடிந்திருந்தது. அதன்பின் கடிதம் இல்லை. இது வந்து சேர்ந்தது 1937 பிப்ரவரி 16.